மேசைமேல் ஒரு பதுங்குகுழி வரிசை: கோத்தகிரியில் உருவான நவ் ஷாப்பெல் களம் குறித்த நிகழ்வு ஆய்வு

முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளை, மேசைமேல் பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்காகச் சிற்றளவில் கட்ட முற்படுகிற எவரும் முதல் நாளே சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. குழி தரைக்குக் கீழே இருப்பது; விளையாட்டு மேசையைத் தோண்ட முடியாது. இதைக் கடக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. மேசை முழுவதையும் 5 செ.மீ. தடிமனுள்ள நுரைப்பலகையால் மூடி, குழி வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுப்பது ஒரு வழி. கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும் செலவும் எடையும் மிகுதி. அந்த ஒரு களத்தைத் தவிர வேறு எதற்கும் அது உதவாது. இருபுறமும் சரிவு கொண்ட கரைத்துண்டுகளைத் தனித்தனியே செய்து மேசைமேல் வரிசையாக அடுக்குவது மற்றொரு வழி. இது மலிவு, எடுத்துச் செல்லவும் எளிது. ஆனால் சமவெளியின் நடுவே ஒரு மேடு முளைத்து, அந்த மேட்டின் உச்சியில் வீரர்கள் ஒளிந்திருப்பதைப் போன்ற பொய்யான தோற்றம் வந்துவிடுகிறது.

பிரான்சில் 1915-இல் போர் நடந்த நவ் ஷாப்பெல் என்ற சிற்றூரைக் காட்ட, கோத்தகிரியில் நாங்கள் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து கட்டிய களம் இந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்தது, நீலகிரியின் ஈரமும் குளிரும் பொருள்களின் தேர்வை எந்த அளவுக்கு மாற்றின, கட்டி முடித்த துண்டுகள் ஆட்டத்தில் எப்படி நடந்துகொண்டன என்பவற்றை இங்கே பதிவுசெய்கிறேன். குழுவில் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர், மின்பணியாளர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் இருவர், இவர்களோடு நான்.

களத்தைத் தேர்ந்தெடுத்த விதம்

எந்த அட்டையை வாங்குவது, எந்தப் பசையைப் பூசுவது என்று பேசத் தொடங்கிய எங்களை வரலாற்று ஆசிரியர் தடுத்து நிறுத்தி, முதலில் மண்ணையும் தண்ணீரையும் பற்றிப் பேசுவோம் என்றார். இந்த வேலை முழுவதற்கும் அடித்தளமாக அமைந்தது அந்த ஒரு சொல்தான் என்று நான் கருதுகிறேன். ஜெர்மனியோடு பிரிட்டனும் பிரான்சும் மோதிய மேற்குப் போர்முனை எங்கும் பதுங்குகுழி ஒரே மாதிரி இருந்ததில்லை. பிரான்சின் சோம் பகுதியின் சுண்ணாம்பு நிலத்தில் ஆழமாகத் தோண்ட முடிந்தது. தோண்டிய மண் வெள்ளையாகக் குவிந்து, வரிசை செல்லும் தடத்தைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்தது. அதற்கு வடக்கே, பிரான்சின் எல்லையோரத் தாழ்நிலத்தில் நிலைமை வேறு. அங்கே களிமண், நிலத்தடி நீர் மிக மேலே நின்றது. இடுப்பளவு தோண்டுவதற்குள் குழியில் நீர் ஊறிவிடும். ஆகவே அங்கே இருதரப்பினரும் சிறிதளவே தோண்டி, எஞ்சிய பாதுகாப்பைத் தரைக்கு மேலே மண்ணாலும் மணல்மூட்டைகளாலும் கரையாக எழுப்பினார்கள்.

அந்தத் தாழ்நிலத்தில்தான் நவ் ஷாப்பெல் என்ற சிற்றூர் இருக்கிறது. மேசைமேல் எழுப்பி வைக்கும் கரைத்துண்டு வேறு களங்களில் ஒரு சமரசம். நவ் ஷாப்பெலில் அதுவே உண்மைக்கு நெருக்கமான வடிவம். மேசையின் குறைபாடும் நிலத்தின் இயல்பும் ஒன்றோடொன்று பொருந்திப்போகும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு எங்களுக்கு வேறு களத்தைப் பற்றிய யோசனையே எழவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் இரண்டாவதாகச் சொன்னாலும் எங்கள் மனத்தில் அது முதலிடத்தில்தான் இருந்தது. பிரிட்டனின் தரப்பில் போரிட, 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிய இந்தியப் படைப்பிரிவு, லாகூர், மீரட் என்ற இரு டிவிஷன்களாக அந்தக் குளிர்காலம் முழுவதும் இந்தச் சேற்றில் நின்றது. 1915 மார்ச் 10 காலை 7.30 மணிக்குப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கி 35 நிமிடங்கள் ஜெர்மானியக் கரைகளை உடைத்தன, 8.05 மணிக்கு மீரட் டிவிஷனின் கட்வால் பிரிகேடு முன்னேறியது. ஊர் அன்று காலையிலேயே கைப்பற்றப்பட்டது. ஆனால் 39-ஆம் கட்வால் ரைபிள்ஸின் முதல் பட்டாலியன் திசை தவறி வலப்புறம் ஒதுங்கி, குண்டுகள் விழாததால் முள்கம்பி அறுபடாமல் நின்ற ஒரு பகுதியில் மோதி மிகுந்த உயிரிழப்புக்கு ஆளானது. மார்ச் 13 வரை நீண்ட அந்தப் போரில் இந்தியப் படைப்பிரிவின் இழப்பு, இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 4,200 பேர். 1927-இல் அங்கே திறக்கப்பட்ட இந்திய நினைவுச்சின்னத்தில், மேற்குப் போர்முனை முழுவதிலும் இறந்த இந்தியப் படையினர் 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் மையமும் முப்படை அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் கல்லூரியும் இருக்கும் மாவட்டம் இது. ஆகவே நம் தென்னாட்டுப் படையை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி வந்தவண்ணம் இருந்தது. தென்னாட்டின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெசபொட்டேமியாவிலும் பணியாற்றினார்கள். அந்த நிலங்களும் அங்கே நடந்த போர்முறையும் தனியே ஒரு களமாகக் கட்டத்தக்கவை. நவ் ஷாப்பெல் களத்தில் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்துவது வரலாற்றைத் திரிப்பதாகும்.

குறுக்குத் திட்டு

பதுங்குகுழியை நேர்க்கோட்டில் வெட்டுவதில்லை. சில மீட்டர் தூரத்துக்கு ஓர் அறைபோல முன்னே சென்று, பிறகு தோண்டாமல் விட்ட ஒரு மண்திட்டைச் சுற்றிப் பின்னே வளைந்து, மீண்டும் முன்னே வரும். குழியின் ஓர் அறையில் குண்டு விழுந்தால் சிதறல் அந்த அறையோடு நின்றுவிட வேண்டும் என்பதும், பகைவன் ஒரு முனையில் நுழைந்துவிட்டால் நீளவாக்கில் சுட்டு எல்லோரையும் வீழ்த்திவிடக் கூடாது என்பதுமே இதன் நோக்கங்கள். பல விளையாட்டுக் களங்களில் இந்தத் திட்டு ஓர் அலங்கார வளைவாகச் சுருங்கிவிடுகிறது. சிலவற்றில் அறவே இல்லை. எங்கள் ஆய்வில் நான் மிகுதியாக வலியுறுத்த விரும்புவது இதையே: திட்டு இல்லாத பதுங்குகுழி, ஆட்டத்தில் பதுங்குகுழியாகவே இயங்காது.

நவ் ஷாப்பெலில் இது வெறும் கட்டுமான விவரமாக நிற்கவில்லை. 39-ஆம் கட்வால் ரைபிள்ஸின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த கபர் சிங் நேகிக்கு இறப்புக்குப் பின், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரவிருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. துப்பாக்கிக் கத்தியோடு எறிகுண்டு வீசுவோருக்குத் துணையாகப் பகைவரின் முதன்மைக் குழிக்குள் நுழைந்த குழுவில் அவர் இருந்தார் என்றும், ஒவ்வொரு குறுக்குத் திட்டையும் முதல் ஆளாகச் சுற்றிச் சென்று பகைவரைப் பின்தள்ளி இறுதியில் சரணடையச் செய்தார் என்றும், அந்த மோதலிலேயே உயிரிழந்தார் என்றும் விருதுக் குறிப்பு கூறுகிறது. அவர் செய்தது என்ன என்பதை மேசையில் உணர வேண்டுமானால், திட்டின் மறுபுறம் யார் நிற்கிறார் என்பது தெரியாத அந்த வளைவு மேசையில் இருந்தாக வேண்டும்.

மாணவர் ஒருவரின் தாத்தா 1964 இந்திய-இலங்கை உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர். இருநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் கான், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால், வெட்டியவர். அட்டையில் நாங்கள் வெட்டி வைத்திருந்த முதல் மாதிரியைப் பார்த்துவிட்டு, “கான ஒரே நீட்டுக்கு வெட்டுனா மண்ணு நிக்காது சார். எடையில எடையில மண்ண விட்டுத்தான் வெட்டணும். அப்பத்தான் தண்ணியோட வேகம் அங்கங்க அடங்கும்” என்று ஆசிரியரிடம் சொன்னார். “ஐயா, இங்க தண்ணிக்குப் பதிலா குண்டு” என்றார் ஆசிரியர். பெரியவர் சற்று யோசித்து, “அப்ப திட்டு இன்னும் தடிப்பா இருக்கணும்” என்றார். அவர் சொன்னதே சரி. மூன்று மீட்டருக்குக் குறைந்த தடிமன் போதாது என்று அதன்பின் முடிவுசெய்தோம்.

அளவுகள்

1:72 அளவை, அதாவது உண்மையின் 72-இல் ஒரு பங்கை, தேர்ந்தெடுத்தோம். பிளாஸ்டிக் வீரர்கள் பெட்டிக்கணக்கில் மலிவாகக் கிடைப்பது இந்த அளவில்தான். ஆறடிக்கு நான்கடி மேசை இந்த அளவில் ஏறத்தாழ 130 மீட்டருக்கு 88 மீட்டர் நிலத்தைக் குறிக்கும். நவ் ஷாப்பெல் தாக்குதலுக்காக, விமானத்திலிருந்து எடுத்த நிழற்படங்களைக் கொண்டு ஜெர்மானியக் குழிகளை வரைபடத்தில் குறித்தார்கள். எங்கள் மேசை முழுவதும் அந்த வரைபடத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே போர் முழுவதையும் காட்ட முயலாமல், ஜெர்மானிய முன்வரிசையின் ஒரு பகுதியை மட்டும் கட்டினோம்.

உயரத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. அகலத்தில் விட்டுக்கொடுக்காமல் இருக்க முடியாது. 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதர் 1:72-இல் 24 மி.மீ. நிற்பார். சுடுபடிமேல் (குழியின் முன்சுவரோரமாக அமைந்த படி) ஏறி நின்று சுடுபவருக்கு, பகைவரை நோக்கிய முன்கரை ஏறத்தாழ 1.37 மீட்டர், அதாவது மேசையில் 19 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சுடுபடியை 6 மி.மீ. உயரத்தில் அமைத்தால் குழித்தரையிலிருந்து முன்கரை 25 மி.மீ. ஆகிறது. தரையில் நிற்பவர் முழுமையாக மறைகிறார், படிமேல் ஏறியவரின் தலையும் தோளும் மட்டும் தெரிகின்றன. இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும்.

அகலத்தின் கதை வேறு. குழித்தரை உண்மையில் ஒரு மீட்டருக்கும் குறுகலாக இருக்கும். மேசையில் அது 13 மி.மீ. அதற்குள் ஆட்டக்காரரின் விரல் நுழையாது. வீரர்களை 15 மி.மீ. விட்டமுள்ள இரும்பு வாஷர்களில் ஒட்டி, சுடுபடிக்கு 16 மி.மீ., தரைக்கு 18 மி.மீ. என்று 34 மி.மீ. உள்ளகலம் கொடுத்தோம். இது உண்மையைவிட மிகுதிதான். ஆனால் மேலிருந்து பார்ப்பவரின் கண் உயரத்தை வீரரின் தோளோடு ஒப்பிடுகிறதே தவிர, அகலத்தை அவ்வளவு கூர்மையாக அளப்பதில்லை.

ஒவ்வொரு துண்டும் 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். அதில் 9 செ.மீ. நீளமுள்ள அறைகள் இரண்டு. நடுவில் 6 செ.மீ. தடிமனுள்ள திட்டு, இரு ஓரங்களிலும் அரைத்திட்டுகள். இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பு எப்போதும் ஒரு திட்டின் நடுவே விழுகிறது. அறையின் நடுவே இணைப்பு வந்தால் வீரர்கள் நிற்கும் இடத்திலேயே கோடு தெரியும். திட்டின்மேல் வந்தால் ஒரு பிடி மரத்தூள் தூவி மறைத்துவிடலாம்.

மழையும் பசையும்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியை விடாது நனைக்கும். அந்த நாள்களில் சுவரே வியர்க்கிறது. அலமாரியில் மடித்து வைத்த துணியில் பூஞ்சை படிகிறது. சமவெளியில் இருப்போர் எழுதிவைத்த செய்முறைகளை இந்தக் காற்றில் அப்படியே பின்பற்ற முடியாது என்பதால், மழைக்காலம் முழுவதும் சிறு மாதிரிப் பட்டைகளை மட்டும் செய்து பார்த்தோம்.

அடிப்பலகைக்கு, மரநாரை அழுத்திச் செய்யும் 3 மி.மீ. எம்.டி.எஃப்., பிளாஸ்டிக் பலகையான சன்போர்டு ஆகிய இரண்டையும் சோதித்தோம். சன்போர்டு ஈரத்தை உறிஞ்சாது என்பதால் அதுவே வெல்லும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் ஃபெவிகால் காய்வது அதிலுள்ள நீர் வெளியேறுவதால்தான். நீரை உறிஞ்சாத சன்போர்டுக்கும் நீரை உறிஞ்சாத நுரைப்பலகைக்கும் இடையே அகப்பட்ட பசைக்கு வெளியேற வழியில்லை. வாரக்கணக்கில் அது பாலாகவே இருந்தது. ரப்பர் பசையைப் பூசினால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். டப்பாவில் வரும் ஸ்பிரே பெயின்டும் அப்படியே. எம்.டி.எஃப். பசையின் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் ஓரங்கள் உப்புகின்றன, பலகை வில்லாக வளைகிறது. இறுதியில் எம்.டி.எஃப். பலகையின் அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, மேற்பக்கத்தை மட்டும் பூச்சின்றி விட்டோம். மேலே பூசும் சேற்றுக்கலவை காயும்போது சுருங்கிப் பலகையை மேல்நோக்கி இழுக்கும். அதற்கு ஈடாக அடிப்பக்கத்தில் செய்தித்தாளைப் பசைதோய்த்து ஒட்டி, இரு பக்கமும் ஒரே நேரத்தில் காயவிட்டபோது பலகை நேராக நின்றது.

மார்கழிக் குளிரில் வேறொரு தொல்லை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைகள் ஓர் அளவுக்குக் கீழான குளிரில் ஒளி ஊடுருவும் படலமாக இறுகாமல் வெள்ளைப் பொடியாக உதிரும். ஆகவே ஒட்டும் வேலையை நண்பகலில் வைத்துக்கொண்டு, துணிகளைப் பூஞ்சையிலிருந்து காக்க இங்கே பல வீடுகளில் செய்வதைப் போலவே அலமாரிக்குள் ஒரு மஞ்சள் பல்பை எரியவிட்டு, அதன் மேல்தட்டில் துண்டுகளை இரவு முழுவதும் வைத்தோம். பல்புக்கு மிக அருகில் வைக்கக் கூடாது; கொதிநீரின் சூட்டை எட்டும் முன்பே நுரைப்பலகையின் பொருளான பாலிஸ்டைரீன் இளகத் தொடங்கிவிடும்.

கட்டுமானம்

நுரைப்பலகையாக, கூரை வெப்பத்தடுப்புக்குப் பயன்படும் அடர்த்தியான வகையைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம். வெள்ளைத் தெர்மாகோல் வெட்டும்போது மணிமணியாக உதிரும். இது வழுவழுப்பாக அறுபடும். மின்பணியாளர் பழைய ஹீட்டர் சுருளின் நைக்ரோம் கம்பியை 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோடு இணைத்து வெட்டும் கருவி செய்துகொடுத்தார். எழும் புகை மூச்சுக்குத் தீங்கானது என்பதால் சன்னல்களைத் திறந்துவைத்தே வெட்டினோம்.

மணல்மூட்டைகளில்தான் அதிக உழைப்பு சென்றது. நிரப்பிய மூட்டை ஏறத்தாழ அரை மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம். மேசையில் அது 7 மி.மீ.க்கு 3.5 மி.மீ. ஆகிறது. பிசைந்தால் இறுகும் ஒட்டுமக்கான எம்-சீலைப் பிசைந்து நூலாக உருட்டி, துண்டு துண்டாக நறுக்கி, ஈரப்படுத்திய பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றையும் மெல்ல அழுத்தினோம். துணியின் இழை மூட்டையின்மேல் சாக்கு நெசவாகப் பதிந்துவிடுகிறது. அழுத்தும்போது நடு சற்றுப் பிதுங்கி, மண்ணின் கனத்தால் தொய்ந்த மூட்டையின் வடிவமும் தானே வந்துவிடுகிறது. செங்கல் கட்டுவதைப் போலவே நீளவாக்கில் ஒரு வரிசை, குறுக்குவாக்கில் ஒரு வரிசை. ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்போடு நேராக விழக் கூடாது. உண்மையான கரைகளையும் அப்படித்தான் கட்டினார்கள். இவ்வாறு செய்த ஓர் அறையின் முகப்பைச் சிலிக்கோனில் அச்செடுத்து, மற்ற அறைகளுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துக்கொண்டோம். எல்லா அறைகளும் ஒன்றுபோல் தோன்றாதிருக்க, வார்ப்புகளை ஆங்காங்கே உடைத்துத் தனி மூட்டைகளால் நிரப்பினோம்.

சேற்றுக்கு மாவுச் சல்லடையில் சலித்த சில்வர் ஓக் மரத்தூள், சுவர்ப்பட்டி (வால் புட்டி), ஃபெவிகால். தோட்டத்து மண்ணையே அள்ளிப் பூசலாமே என்று பார்த்தவர்கள் பலரும் கேட்டார்கள். நம் மண் சிவப்பு. நவ் ஷாப்பெலின் களிமண் சாம்பல் கலந்த பழுப்பு. அதோடு உயிருள்ள மண்ணும் பாசியும் இந்த ஈரத்தில் பூஞ்சைக்கு விருந்தாகிவிடும். பெயின்ட் கடையில் கிடைக்கும் ஸ்டெய்னர் (நிறச்சாறு) புட்டிகளில் கறுப்பு, மஞ்சள், பழுப்பு மூன்றையும் கலவையிலேயே சேர்த்துவிட்டதால், ஓரம் உடைந்தாலும் உள்ளே வெள்ளை தெரிவதில்லை. தேங்கிய நீருக்கு எப்பாக்ஸி ரெசினைத் தவிர்த்தோம். ஈரக்காற்றில் அதன் மேற்பரப்பு மங்கலாகிப் பிசுபிசுக்கும். பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய படலங்களாகப் பலமுறை பூசினால் போதும்.

காலத்துக்கு ஒவ்வாதவற்றை நீக்குவதிலும் கவனம் தேவைப்பட்டது. 1915 மார்ச்சில் இருதரப்பிலும் எஃகுத் தலைக்கவசம் கிடையாது. மில்ஸ் எறிகுண்டும் அப்போது வரவில்லை. ஜாம் டப்பாவில் வெடிமருந்து அடைத்துச் செய்தவை போன்ற கைக்குண்டுகள் பயன்பட்டன. காலத்துக்கு ஏற்ப முள்கம்பியையும் மரக்கழிகளில்தான் கட்டினோம்.

ஆட்டத்தில் கண்டவை

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே திட்டில்லாத நேரான துண்டுகளையும் செய்திருந்தோம். அவற்றில் தாக்குவோர் ஒரு முனையில் நுழைந்த உடனே, யார் முதலில் சுடுகிறார் என்பதோடு ஆட்டம் முடிந்துவிட்டது. வரிசையின் கோடியில் நிறுத்திய ஓர் இயந்திரத் துப்பாக்கி மொத்தக் குழியையும் ஆண்டது. திட்டுகள் உள்ள துண்டுகளில் அதே படைகள், அதே விதிகள் வேறோர் ஆட்டத்தைத் தந்தன. ஒவ்வோர் அறையும் தனிப் போராட்டமானது. குண்டு வீசுபவர், அவருக்கு முன்னே துப்பாக்கிக் கத்தியோடு செல்பவர், பின்னே குண்டுகளைச் சுமந்து வருபவர் என்று ஒரு சிறு குழுவை அமைக்காமல் முன்னேற முடியவில்லை. இந்த அமைப்பை எங்கள் விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. ஆட்டக்காரர்கள் தாமாகவே அதை வந்தடைந்தார்கள். கைக்குண்டுகள் தீர்ந்த இடத்தில் தாக்குதல் நின்றது.

இரண்டு குறைகள் தெரிந்தன. திட்டைச் சுற்றும் வளைவில் வீரரை நிறுத்தும்போது வாஷர் ஓரத்தில் இடறுகிறது. அங்கே தரையை இன்னும் 4 மி.மீ. அகலப்படுத்த வேண்டும். பின்கரையின் உயரம் முன்கரைக்குச் சமமாக இருப்பதால் பின்புறம் அமர்ந்த ஆட்டக்காரருக்குச் சுடுபடி தெரிவதில்லை; பின்கரையை 5 மி.மீ. தாழ்த்தினால் பார்வை கிடைக்கும், வீரர்களின் மறைவும் பெரிதாகக் குறையாது.

அடுத்துக் கட்டவிருப்பது ஊருக்குக் கிழக்கே ஓடும் லாய்ஸ் ஓடை. அதன் பாலத்தருகே ஜெர்மானியர் வைத்திருந்த அரண்தான் முன்னேற்றத்தைத் தடுத்தது. ஓடை தரைமட்டத்துக்குக் கீழே செல்வதால் கரைத்துண்டு முறை அங்கே உதவாது. மேசையில் ஓடை வரும் மூன்றில் ஒரு பகுதிக்கு மட்டும் 5 செ.மீ. பலகையை அடுக்கி, அதில் ஓடையை அறுத்தெடுத்து, முன்வரிசைத் துண்டுகளோடு சேரும் இடத்தில் நீண்ட மென்சரிவு ஒன்றை அமைக்கவிருக்கிறோம். பலகையை அறுக்கும் வேலையை மழை ஓய்ந்து வெயில் நிலைக்கும் மாசி மாதத்துக்கு வைத்திருக்கிறோம்.